ஆரணியின் தலையில் நான் வைத்த கை

தம்பி,

இதை ஆறுதலாக இருந்து வாசி. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போய் விட்டவன் நான்தான். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் எடுப்பாய். எடு. நான் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் ஸ்காபரோவில் ஸ்கூல் பஸ் ஓட்டினவனுக்கு அந்தளவு ஆங்கிலம் இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதத்தில் ஒரு பொய் வருகிறது. அதை நான் ஆங்கிலத்தில்தான் சொன்னேன். அதனால் உண்மையைத் தமிழில் எழுதுகிறேன். முழுவதும் வாசித்துவிட்டு என்னோடு கோபப்படு. நடுவில் நிறுத்திவிடாதே, உனக்கு வேண்டிய விஷயம் கடைசியில்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாய். மதுராவுக்கு இப்போது இருபத்தைந்தாவது கிழமை. போனமுறை போலவே இந்தமுறையும் பிள்ளை முந்தி வரப் பார்க்கிறது என்று அவளைக் கட்டிலோடு படுக்கவைத்திருக்கிறார்கள். எந்த நாளும் வரலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நீ சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாய். அம்மா ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "இந்தமுறை ஒருத்தரையும் கை வைக்க விடமாட்டன் அப்பா. அந்த எலேன் மாதிரி ஆக்கள் வோர்ட் பக்கமே வரக்கூடாது. நேர்ஸ்மார் செய்யவேண்டியதை மட்டும் செய்யட்டும். நானும் தொடமாட்டன், மதுராவும் தொடமாட்டா. ஐ ஆம் நொட் டேக்கிங் த சான்ஸ்" என்றாய். அம்மா "ஓம் ராசா" என்றாள். நான் உன் சப்பாத்திலிருந்து பனியும் உப்பும் கரைந்து நிலத்தில் வடிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ போன பிறகு அதைத் துடைத்தது நான்தான். துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று தெரிந்தது.

உன் தலையிலிருந்து தொடங்குகிறேன். உன்னை அம்மாவின் வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். அப்போது எங்களுக்கு ரொறன்ரோவில் சொந்தம் என்று ஒரு பெண்பிள்ளை கிடையாது. எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருந்த அன்ரி ஒருவர் மூன்று நாள் வந்து உன்னைத் தோய வார்த்தார். குளியலறை நிலத்தில் காலை நீட்டி இருந்து, உன்னைக் காலில் கிடத்தி, நல்லெண்ணெய் பூசி, கை கால் பிடித்து, கடைசியில் இரண்டு உள்ளங்கையாலும் உன் தலையைப் பிடித்து உருட்டினார். நாலாம் நாள் அவருக்கு ஒரு ஃபக்ரரியில் வேலை கிடைத்துவிட்டது. "பாத்தனீர்தானே, இனி நீரே செய்யும்" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். செய்தேன். ஒரு பக்கம் சப்பையாக இருந்த உன் தலை நாலு மாதத்தில் தேங்காய் போல உருண்டு வந்தது. அது தானாகவே வந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார், நான் அவரை நம்பவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் எந்தத் தமிழ் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் என்னைக் கூப்பிட்டார்கள். "மருத்துவிச்சி அண்ணை வாறார்" என்று லிஃப்டில் வைத்துப் பகிடி பண்ணுவார்கள். ஏழெட்டுப் பிள்ளைகளுக்குத் தலை பிடித்திருப்பேன். ஆம்பிளைக்கு வராத வேலை எனக்கு வந்துவிட்டது என்று எனக்குள் பெரிய புளுகமும் பெருமையும்.

என் கை சும்மா இருக்காது. உனக்கு அது நன்றாகத் தெரியும். ஏழாம் வகுப்பில் நீ விஞ்ஞானக் கண்காட்சிக்குக் குச்சியால் ஒரு பாலம் செய்தாய். நீ விளையாடப் போன நேரம் பார்த்து அதைப் பிரித்து, நேராக வைத்துத் திரும்ப ஒட்டினேன். நீ வந்து பார்த்துவிட்டு "இது என்ர இல்லை" என்று சொல்லி அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகவே இல்லை. நன்றிகெட்டவன் என்று அன்றைக்கு உன்னைப் பேசினேன். உன் கல்யாணத்தன்று தலைப்பா சரிந்திருக்கிறது என்று மூன்று தரம் மணவறைக்கு வந்து சரிசெய்தேன். "விடுங்கோ அண்ணை, மாப்பிள்ளைக்குத் தலை மிஞ்சட்டும்" என்று ஐயர் சொல்ல, மண்டபமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். கொஞ்சம் கோணலாக இருக்கிற ஒன்றை அப்படியே இருக்கவிட எனக்கு வராது. அதை அன்பு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பாதி அன்புதான். மற்றப் பாதி, என் கை பட்டால்தான் எதுவும் சரிவரும் என்ற எண்ணம்.

உங்கள் மூத்தவள் ஆரணி இருபத்தேழாவது கிழமையில் பிறந்தாள். கடையில் வாங்குகிற ஒரு கிலோ சீனிப் பை அவளைவிடப் பாரம். முதல் இரண்டு நாள் நீ அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கவே பயந்தாய். பத்து நாள் போவதற்குள் நேர்ஸ் காட்டித்தந்தபடி சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, வயர்களோடும் குழாய்களோடும் அவளை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் அசையாமல் சாய்ந்திருக்கப் பழகிவிட்டாய். மூக்கு அரித்தால்கூடக் கை எடுக்கமாட்டாய், மதுராதான் சொறிந்துவிடுவாள். நீ சின்னனாக இருந்தபோது நான் உன்னைத் தோய வார்த்தேன், தூக்கினேன், உருட்டினேன், பிரட்டினேன். ஒரு மணித்தியாலம் ஒன்றும் செய்யாமல் உன்னை வைத்திருந்ததாக எனக்கு ஒரு ஞாபகமும் இல்லை. உன்னைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சல் ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

மூன்றாம் கிழமை அவளுக்குப் பால் ஒத்துவரவில்லை. குழாயால் விடுகிற பால் வயிற்றிலேயே நின்றது, வயிறு ஊதியது. அப்போதுதான் மதுரா யாரிடமோ கேட்டறிந்து எலேனைப் பற்றிச் சொன்னாள். எலேன் மொன்றியலில் வளர்ந்த பெண், ஐம்பது வயது இருக்கும். ஒஸ்டியோபதி படித்தவர். மருந்தும் இல்லை, கருவியும் இல்லை, கையால் மட்டும் பார்க்கிற வைத்தியம் அது. டொக்டர் உங்கள் இரண்டு பேரையும் இருத்தி, இதில் பெரிய நம்பிக்கை வைக்கவேண்டாம், ஆனால் மெதுவாகச் செய்தால் பாதகமும் இல்லை, நீங்கள் சம்மதித்தால் வரட்டும் என்று சொன்னார். நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள். செவ்வாயும் வெள்ளியும் மத்தியானத்தில் எலேன் வருவார். முழங்கைவரை கழுவுவார். ஈரம் துடைத்த பிறகு இரண்டு கையையும் ஒன்றோடொன்று சேர்த்து வைத்துச் சூடாகும்வரை நிற்பார். பிறகு பெட்டியின் பக்கத்து வட்டக் கதவைத் திறந்து, ஒரு கையை ஆரணியின் இடுப்புக்குக் கீழே மெதுவாகக் கொடுத்து, மற்றக் கையின் மூன்று விரலை அவளுடைய வயிற்றில் வைப்பார். அவ்வளவுதான். அழுத்துவதும் இல்லை, தடவுவதும் இல்லை. கால் மணித்தியாலம் அப்படியே நிற்பார்.

முதல் நாள் நான் உன்னை வெளியே கூப்பிட்டுக் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். "உவ என்னடா செய்யிறா? கையை வைச்சுக்கொண்டு சும்மா நிக்கிறா."

"அதுதானப்பா ட்ரீட்மென்ட். எந்த இடம் இறுகிக் கிடக்குதெண்டு கையால கேக்கிறா. பேபி இளகிக் குடுக்கும்வரைக்கும் வெயிட் பண்ணுறா."

"கையால கேக்கிறவவோ? நல்ல கதை. இதுக்கொரு படிப்பு, அதுக்கொரு பட்டம்."

நீ சிரித்தாய். ஆனால் எலேன் வரத் தொடங்கி இரண்டாம் கிழமை ஆரணியின் வயிறு இளகியது, பால் செமிக்கத் தொடங்கியது. அது எலேனின் கையாலோ, அவளுக்கு நாள் கூடியதாலோ, தனக்கே தெரியாது என்று டொக்டர் நேர்மையாகச் சொன்னார். உனக்கும் மதுராவுக்கும் அந்தக் கேள்வியே தேவைப்படவில்லை. எனக்குத்தான் அது உறுத்தியது. ஒரு நாள் நானும் எலேனும் ஒன்றாக லிஃப்டில் இறங்கினோம். கார் நிறுத்துமிடம் வரைக்கும் கதைத்துக்கொண்டு போனோம். தன்னுடைய அப்பாவும் மொன்றியலில் பஸ் ஓட்டினவர் என்றார். பனிக்காலத்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற கஷ்டத்தைப் பற்றி நான் சொல்ல, அவர் சிரிக்க, நல்ல ஆங்கிலத்தில் பத்து நிமிஷம் கதைத்தோம். இதை நீ மறக்காதே, பின்னால் வரும்.

அன்றைக்கே நான் அவரிடம் ஆரணியின் தலையைப் பற்றிக் கேட்டேன். இப்படிப் பிறக்கிற பிள்ளைகளை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று மாறி மாறிச் சரித்துக் கிடத்துவதால் தலை இரண்டு பக்கமும் தட்டையாகி நீண்டுபோகும். எல்லோருக்கும் தெரிந்த விஷயம், வளர வளரச் சரியாகிவிடும் என்று நேர்ஸும் சொல்லியிருந்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுத்தது. தலைக்கு ஒன்றும் செய்யமாட்டீர்களா என்று கேட்டேன். இப்போது கூடாது, அந்த எலும்புகள் இன்னும் காகிதம்போல இருக்கின்றன, அவள் பெட்டியை விட்டு வெளியே வரட்டும் என்றார். எங்கள் ஊரில் கையாலேயே பிடித்து உருட்டிவிடுவோம் என்று சொன்னேன். எலேன் நின்று என்னைப் பார்த்து, தயவுசெய்து இவளுக்கு அதைச் செய்யவேண்டாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அது கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை எலேன் வந்து பார்த்துவிட்டு ஒரு மணிக்குப் போனார். மதுரா பால் எடுக்கிற அறைக்குப் போனாள். நீ கீழே சாப்பாடு வாங்கப் போனாய். "அப்பா, கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நேர்ஸ் பக்கத்துப் பெட்டியில் குனிந்து நின்றாள். நான் கையைக் கழுவினேன். எலேன் செய்வதுபோலவே சூடாக்கினேன். வட்டக் கதவு இரண்டையும் திறந்து கையை உள்ளே விட்டேன். அவளுடைய தலை என் உள்ளங்கைக்குள் முழுதாக அடங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். அதோடு எடுத்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. பிறகு இரண்டு பக்கமும் பிடித்து, முன்னாலும் பின்னாலும், உனக்குச் செய்ததுபோல மெதுவாக அழுத்தினேன். மெதுவாகத்தான், ஆனால் அது பஸ் ஓட்டினவனின் மெதுவு. ஒரு தரம். இரண்டாம் தரம் அழுத்தும்போது அவளுடைய வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மேலே இருந்த திரையில் இலக்கங்கள் இறங்கத் தொடங்கின. நான் கையை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திய பிறகுதான் மணி அடித்தது. அவள் நீலமாகிக்கொண்டு வந்தாள். நேர்ஸ் ஓடிவந்தாள், பிறகு நாலைந்து பேர் வந்தார்கள், என்னைத் தள்ளிவிட்டார்கள். மூச்சு திரும்பி வந்தது. ஆனால் கழற்றி வைத்திருந்த மூச்சுக் குழாயைத் திரும்பவும் தொண்டைக்குள் விடவேண்டியதாகிவிட்டது.

யாராவது பிள்ளையைத் தொட்டீர்களா என்று நேர்ஸ் கேட்டாள். நேராக என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் தலையை ஆட்டிக்கொண்டு, "நோ இங்லிஷ்" என்றேன். தம்பி, இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷம் எனக்கு உண்மையாகவே ஆங்கிலம் வராது. அப்போது போலீஸ்காரனுக்கும் வீட்டுக்காரனுக்கும் அப்படிச் சொல்லித் தப்பியிருக்கிறேன். நாங்கள் எல்லோரும் செய்த வேலைதான் அது, பிறகு கூடியிருந்து அதைச் சொல்லிச் சிரிப்போம். இத்தனை வருஷம் கழித்து அது என் வாயில் தானாக வந்தது. அவள் இன்னொரு தரம் கையால் காட்டி, தொட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். "நோ. நோ டச்" என்றேன். அப்போது நீ சாப்பாட்டுப் பையோடு வாசலில் வந்து நின்றாய்.

நீ என்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பிறகு எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ கேட்காமல் விட்டதில் எனக்கு அன்றைக்கு நிம்மதிதான் வந்தது. "அந்த மனிசி கை வைச்சிட்டுப் போய் அரை மணித்தியாலம் ஆகேல்லை" என்று நீ சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றபோது, நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் நீ முறைப்பாடு எழுதினாய். விசாரிக்கும்வரை எலேன் அந்த வோர்டுக்கே வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். பக்கத்துப் பெட்டியில் இரட்டைப் பிள்ளைகள் வைத்திருந்த அம்மா என்னிடம் வந்து, எலேன் ஏன் வருவதில்லை என்று கேட்டாள். அவளுக்கும் நான் அதே இரண்டு சொல்லைச் சொல்லித் தலையை ஆட்டினேன்.

ஒரு நாள் எலேன் தாழ்வாரத்துக்கு வந்தார். உன்னோடு கதைக்கவேண்டும் என்றார். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நான் மட்டும் அங்கே இருந்தேன். அவர் எனக்கு முன்னால் வந்து நின்று, தான் போன பிறகு என்ன நடந்தது, நீங்கள் ஏதாவது பார்த்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். என்னோடு பஸ்ஸைப் பற்றிப் பத்து நிமிஷம் கதைத்த அதே மனிசிக்கு நான், "நோ இங்லிஷ்" என்றேன். அவருக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்தார், மடியில் கிடந்த என் கைகளைப் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பிள்ளையை யாராவது தொட்டுக்கொண்டு இருங்கள் என்று மட்டும் சொன்னார். அதையும் நான் விளங்காதவன் மாதிரிக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

இனி எழுதப்போவதுதான் எனக்குப் பாரம். ஆரணியை அழுத்தியதைவிட இது பெரிய பாவம் என்று நினைக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவள் பதினொரு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் நேர்ஸ் உன்னைக் கூப்பிட்டு, இப்போது கொஞ்சம் பரவாயில்லை, நெஞ்சில் வைக்க முடியாவிட்டாலும் கையையாவது உள்ளே விட்டு வையுங்கள் என்றாள். நீ மாட்டேன் என்றாய். கை பட்டுத்தானே இப்படி வந்தது, இனி ஒரு கையும் படக்கூடாது என்றாய். மதுரா பெட்டிக்கு வெளியே கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். உள்ளே ஆரணி, வெளியே அவளுடைய கை, நடுவில் கண்ணாடி. மதுரா என்னைப் பார்த்து, "மாமா, நான் ஒருக்காத் தொட்டா என்ன?" என்று கேட்டாள். ஒரு தரம் கேட்டாள். உன்னிடம் கேட்கப் பயந்து என்னிடம் கேட்டாள். தொடு பிள்ளை, எலேன் ஒன்றும் செய்யவில்லை, செய்தவன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. "தம்பி சொல்லுறபடி செய்யுங்கோ" என்றேன். நெஞ்சில் கிடந்து பழகின பிள்ளை, பதினொரு நாள் ஒரு சொந்தக் கை படாமல் கிடந்தாள். நேர்ஸ்மார் துணி மாற்றினார்கள், ஊசி போட்டார்கள், அவர்களுடைய வேலையை நன்றாகச் செய்தார்கள். ஆனால் ஒன்றும் செய்யாமல் சும்மா வைக்கிற கை அவளுக்கு இல்லாமல் போனது. அந்தக் கைகளை எல்லாம் பெட்டிக்கு வெளியே நிறுத்தியவன் நான்.

பிறகு குடலில் கிருமி வந்தது. ஒன்றரை நாளில் எல்லாம் முடிந்தது. எல்லாக் குழாயையும் கழற்றித் துடைத்து, துணியில் சுற்றி உன்னிடம் தந்தார்கள். நீ சட்டைப் பொத்தானைக் கழற்றினாய். அதை நான் பார்த்தேன், தம்பி. இனித் தேவையில்லை என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை. நீ ஒரு மணித்தியாலம் அப்படியே சாய்ந்திருந்தாய். பிக்கரிங்கில் அவளைப் புதைத்த அன்று குளிர் தாங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு நான் முதலே போய்க் காருக்குள் இருந்தேன். குளிர் தாங்கும், உன் முகம்தான் தாங்க முடியவில்லை.

கிருமி வந்ததற்கும் அந்த வெள்ளிக்கிழமை நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை என்று டொக்டர் அப்போதே உனக்குச் சொன்னார். நீ நம்பவில்லை. நானும் வேறு யாருக்கோ நடந்த கதையாகச் சொல்லி எங்கள் குடும்ப டொக்டரிடம் கேட்டேன். தலையை அழுத்தினால் மூச்சு நின்றுபோகும், அது பெரிய ஆபத்து, ஆனால் குடலில் வருகிற கிருமி வேறு என்று அவரும் சொன்னார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவேண்டும். வரவில்லை. என் கை அவளைக் கொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் நீயும் மதுராவும் அந்தப் பதினொரு நாளும் அவளைத் தொட்டிருக்கலாம், ஒன்றும் நடந்திருக்காது. இரண்டு பக்கத்தாலும் யோசித்துப் பார்த்துவிட்டேன், எந்தப் பக்கத்தாலும் எனக்கு வழி இல்லை.

திங்கட்கிழமை அம்மாவிடம் சொன்னேன். பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். கடைசிக் காயையும் முறித்து முடித்தாள். பிறகு, "எனக்கேன் சொல்லுறியள்? அவனுக்குச் சொல்லுங்கோ" என்றாள். "அவன் திரும்ப இந்த வாசப்படி மிதிக்காட்டி?" என்று கேட்டேன். "மிதிக்காட்டி மிதிக்காம விடட்டும். வரப்போற பிள்ளையாவது தகப்பன்ர கையில கிடக்கட்டும்" என்றாள். அன்று தொடக்கம் எனக்குச் சோறு போடுகிறாள், கதைப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதுராவைப் பார்க்கவில்லை. முறைப்பாடு எடுக்கிற அலுவலகத்துக்குப் போய், அங்கே இருந்த பெண்ணிடம், நான்தான் தொட்டேன், தலையை அழுத்தினேன், எலேன் பொறுப்பில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றேன். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. எல்லாவற்றையும் எழுதி எடுத்தாள். எலேனுக்கு அறிவிப்பார்கள். உன்னையும் அடுத்த கிழமை கூப்பிடுவார்கள். அவர்களுடைய வாயால் நீ இதைக் கேட்கக்கூடாது என்றுதான் இன்றைக்கே ஸ்ரௌவ்வில்லுக்குக் கார் ஓட்டி வந்து இந்தக் கடிதத்தை உன் வீட்டுத் தபால் பெட்டியில் போடப்போகிறேன். மணி அடிக்கமாட்டேன்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. அது உன் விருப்பம், மதுராவின் விருப்பம். அவளுக்கு நீயே வாசித்துக் காட்டு. நான் நேரே சொன்னால் என் முகத்தைப் பார்த்து இரங்கிவிடுவாள், அந்த இரக்கம் எனக்கு வேண்டாம். எலேனைக் கூப்பிடுவதும் விடுவதும் நீயும் மதுராவும் டொக்டரும் பேசி முடிவெடுக்கிற விஷயம். கூப்பிட்டு வைத்தியம் கேட்காவிட்டாலும், மன்னிப்புக் கேள். நானும் கேட்பேன், அவர் முன்னால் நிற்க விட்டால். தகப்பனாக உனக்கு ஒரு புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் ஒன்று சொல்லுவேன்: பிள்ளைக்கு ஏதாவது செய்துகொண்டே இருப்பவன்தான் நல்ல தகப்பன் என்று நினைத்துவிடாதே. நான் அப்படி நினைத்தேன். நீ அந்தப் பத்து நாளில் கற்றுக்கொண்டது எனக்கு அறுபத்தாறு வயது வரைக்கும் தெரியாது.

பிள்ளை முந்தி வந்தால், நேர்ஸ் சரி என்று சொல்லுகிற நேரம் பார்த்து, கையைக் கழுவு. துடை. இரண்டு கையையும் சேர்த்து வைத்துச் சூடாகும்வரை நில், அவசரப்படாதே. ஒரு கையைத் தலைக்கு வளைத்து வை, மற்றக் கையைக் காலடியில் வை. அழுத்தாதே. தடவாதே. தலை நீளமாக இருந்தால் நீளமாகவே இருக்கட்டும். பயம் வந்தால், ஆரணி உன் நெஞ்சில் நித்திரை கொண்டதை நினை. உன் கையால் அவளுக்கு ஒரு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. இதைத்தான் நான் உனக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எலேனின் கையாலும் நடக்கவில்லை, மதுராவின் கையாலும் நடக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் போன கைகளில் என்னுடைய கை ஒன்றுதான் கூடாத கை.

நான் வரமாட்டேன். நீ கூப்பிட்டால் மட்டும் வருவேன். வந்தாலும் கதவுக்கு வெளியே, ஜக்கெட் பொக்கெற்றுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பேன். நீ சட்டைப் பொத்தானைக் கழற்றுவதை இன்னொரு தரம் பார்க்கவேண்டும், பிள்ளை உயிரோடு இருக்கும்போது.

அப்பா